வெயிலும் வீண்விரயமும்

ஒளுச் செய்யும் இடத்தில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, பக்கத்திலிருப்பவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே கை கழுவுகிற ஒருவரைக் கண்டால், நம்மில் யாராவது உடனே சொல்லிவிடுகிறோம்: "தண்ணிய வீணாக்காதீங்க பாய், இஸ்ராஃப்." சொல்லப்பட்டவரும் கோபித்துக்கொள்வதில்லை. சற்று வெட்கத்தோடு குழாயைத் திருகிவிடுகிறார். ஓடுகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் இருப்பதை மதரஸாவுக்குப் போகும் நம் பிள்ளைகளும் அறிந்திருக்கிறார்கள். அதன் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். கருத்து நம் நெஞ்சில் ஊறிப்போன கருத்து.

தண்ணீருக்கு இருக்கும் இந்த வெட்கம் மின்சாரத்துக்கு ஏன் இல்லாமல் போயிற்று? தண்ணீர் வழிவது கண்ணுக்குத் தெரிகிறது. மின்சாரம் கம்பிக்குள் ஓடுகிறது. ஆளில்லாத அறையில் விசிறி சுற்றினாலும், கதவு திறந்திருக்கும் அறையில் ஏ.சி. இரைந்தாலும் தரையில் எதுவும் வழிவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வந்துபோகிற அன்றுதான் வீட்டில் பேச்சு எழுகிறது. அதுவும் பணத்தைப் பற்றிய பேச்சு, பாவ புண்ணியத்தைப் பற்றியது அன்று.

"வீட்டைக் குளிர வைப்பதும் கூரைக்கு வெள்ளையடிப்பதும் கொத்தனார் காரியமாயிற்றே, இதற்கு மார்க்கப் பத்திரிகையில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் சூரா நஹ்லின் 80, 81ஆம் வசனங்களை ஒருமுறை பொருளோடு ஓதிப் பார்க்கட்டும். வீட்டை அமைதி தரும் இருப்பிடமாக ஆக்கியதையும், நிழல்களையும், மலைகளில் உள்ள ஒதுங்குமிடங்களையும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளையும் அல்லாஹ் அங்கே தன் அருட்கொடைகளாக எண்ணிச் சொல்கிறான். வெயிலிலிருந்து ஒதுங்குவது பலவீனம் அன்று, அருட்கொடையைப் பயன்படுத்துவதுதான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடும் வெப்ப நாளில் லுஹரைச் சற்றுத் தணிந்த நேரத்துக்குத் தள்ளித் தொழச் சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. பேரீச்ச மட்டைகளால் வேயப்பட்டிருந்தது அன்றைய மஸ்ஜிதுந் நபவியின் கூரை. நெற்றியைத் தரையில் வைக்க முடியாத வெப்பத்தில் ஸஹாபாக்கள் தம் ஆடையின் ஒரு பகுதியை விரித்து அதன்மீது ஸுஜூது செய்திருக்கிறார்கள். வெப்பத்தைச் சகித்தே ஆக வேண்டும் என்று யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை.

ஆகவே, வயதான தாயைப் புழுங்கும் அறையில் கிடத்திவிட்டு "நாங்கள் எளிமையாக வாழ்கிறோம்" என்று சொல்லுகிற மகனை நாம் பாராட்டப் போவதில்லை. செலவு செய்யும்போது வீண்விரயமும் செய்யாமல், கையை இறுக்கிக்கொள்ளவும் செய்யாமல் நடுநிலையில் நிற்பவர்களைத்தான் சூரா ஃபுர்கானின் 67ஆம் வசனம் புகழ்கிறது. அந்த நடுநிலை எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. அதை நமக்கு உணர்த்தியது ஒரு பள்ளிவாசலின் மொட்டை மாடி. அதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். சவூதியிலும் துபாயிலும் பாடுபட்டுச் சம்பாதித்த காசில் எழும்பிய கான்கிரீட் வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர். இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஊர்கள் நமக்குப் புதியவை அல்ல. சித்திரை மாத ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத் கூட்டம் நடந்தது. பள்ளிக்குள் நான்கு ஏ.சி. வாங்கி மாட்ட வேண்டும் என்பது பேச்சு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் தரத் தயார். விருந்தாளியாகப் போயிருந்த நம்மையும் முத்தவல்லி கருத்துக் கேட்டார். ஜும்ஆவில் வியர்த்து நனைந்து உட்கார்ந்திருந்த நாம் தயங்காமல், "அல்லாஹ்வின் வீட்டுக்குச் செய்வதில் என்ன கணக்கு?" என்று சொன்னோம். எல்லோரும் தலையசைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், சுற்றுச்சுவர் வேலைக்காக வந்திருந்த வயதான கொத்தனார் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் மட்டும், "மேலே அடுப்பை எரிய விட்டுட்டுக் கீழே விசிறிக்கிட்டிருந்தா எப்படி பாய்? மொதல்ல மாடியப் பாருங்க" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. நாமும்தான்.

அன்று லுஹர் நேரம் கடந்து, கைப்பேசிக்கு ஊர் எடுக்கவில்லை என்று மாடிக்கு ஏறினோம். செருப்பில்லாமல் ஏறியது தவறு. நான்கு எட்டு வைப்பதற்குள் திரும்பி ஓடிவர வேண்டியதாயிற்று. படிக்கட்டுக்கு அருகே சிமெண்டு அட்டை போட்ட ஓர் அறை. மோதினார் தங்கும் அறை. வாசலில் அவர் ஒரு வாளித் தண்ணீரில் கோணிச் சாக்கை நனைத்துக் கூரைமேல் விரித்துக்கொண்டிருந்தார். "அரை மணி நேரத்துல காஞ்சுடும். மறுபடி நனைக்கணும். மத்தியானத்துல படுக்கிறது இல்லீங்க, கீழே தூணோரமா உக்காந்துக்குவேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வழக்கத்தைச் சொன்னார். ஸுப்ஹுக்கு நம்மை எழுப்புகிற மனிதருக்கு கைலூலாவுக்குக்கூடத் தலைசாய்க்க இடமில்லை. நாம் கீழே நான்கு ஏ.சி.க்குக் கை தூக்கிவிட்டு வந்திருந்தோம். அந்த ஏ.சி.களின் வெளிப்பெட்டிகளை மாடியில் எங்கே வைப்பதாக இருந்தார்கள் தெரியுமா? அந்த அறையின் சுவரோரத்தில்தான்.

இதன் பிறகுதான் கொத்தனாரின் சொல்லை யோசித்துப் பார்த்தோம்.

வெயில் நம் வீட்டுக்குள் வாசல் வழியாகவோ சன்னல் வழியாகவோ மட்டும் வருவதில்லை. நம் பக்கத்து வீடுகளில் பெரும்பகுதி வெப்பம் கூரை வழியாக இறங்குகிறது. கோடையில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்பதால், சுவரைவிடக் கூரைமேல்தான் வெயில் அதிகம் விழுகிறது. நாலைந்து அங்குலம் கனமுள்ள கான்கிரீட் பகல் முழுவதும் அதைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. குடித்ததை உடனே கக்குவதில்லை. அஸருக்குப் பிறகு மெல்ல மெல்லக் கீழே இறக்க ஆரம்பித்து, இஷா தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கும்போது முழுவீச்சில் இறக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்திருக்கும். உள்ளே மின்விசிறி அனலைச் சுழற்றிக்கொண்டிருக்கும். இதை அனுபவிக்காதவர் நம்மில் யார்?

நம் பாட்டன்மார் காலத்து மெத்தை வீடுகளில் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு இடித்துப் பதமாக்கித் தட்டோடு பதித்தார்கள். ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே காற்றோட்டமுள்ள ஓர் இடைவெளி இருந்தது. சுவர் உயரம்; மேலே காற்று வெளியேறத் துவாரம்; நடுவில் முற்றம். இவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டோம். கைவிட்ட இடத்தில் ஒரு மின்சாரப் பெட்டியை மாட்டினோம். வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடுகளில் இது இன்னும் வெளிப்படை. அங்கே பார்த்த வீட்டை இங்கே கட்டுகிறோம்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது? ஏ.சி. வெப்பத்தை அழிப்பதாக நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளே இருப்பதை எடுத்து வெளியே கொட்டுகிறது. எடுத்துக் கொட்டுவதற்குச் செலவாகும் மின்சாரமும் வெப்பமாகி அதோடு சேர்ந்து வெளியே போகிறது. வீட்டுக் குப்பையைப் பெருக்கி அண்டை வீட்டு வாசலில் தள்ளினால் நாம் சும்மா இருப்போமா? இரண்டு முழச் சந்தில், எதிர்வீட்டுச் சன்னலுக்கு நேராக வெளிப்பெட்டியை மாட்டி இரவெல்லாம் அனலை ஊதவிடுகிறோம். அந்த வீட்டில் ஏ.சி. இல்லை, சன்னலைத் திறந்து வைத்தால்தான் அவர்களுக்குத் தூக்கம். அண்டை வீட்டார் உரிமையைப் பற்றிப் பயானில் உருகுகிறோம். இந்த அனலும் அந்த உரிமைக் கணக்கில் சேரும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. எங்கே மாட்டுவது என்பதை ஏ.சி. கடைப் பையனே முடிவு செய்துவிட்டுப் போகிறான்.

மின்சாரமும் வானத்திலிருந்து இறங்குவது அன்று. அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டி அனல்மின் நிலையம் அமைப்பதற்காக 1990களில் பல கிராமங்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. திட்டம் நடக்கவேயில்லை. இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. பின்னர் நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவு செய்தது. வாங்காத மின்சாரத்துக்கே இத்தனை பேர் அலைந்தார்கள் என்றால், வாங்கிக்கொண்டிருக்கும் மின்சாரத்துக்கு எங்கெங்கே யார் யார் நிலம் கொடுத்திருப்பார்கள்! தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டைக் கட்டணமின்றித் தரும் ஏற்பாடு வந்தது. கட்டணமில்லை என்றால் செலவில்லை என்று பொருளா? நம் பையிலிருந்து போகாதது பொதுப் பையிலிருந்து போகிறது. பைத்துல் மால் விளக்கைத் தம் சொந்தக் காரியத்துக்கு எரிக்க அஞ்சிய கலீஃபாவைப் பற்றி மேடையில் கண்ணீர் மல்கப் பேசுகிற சமுதாயம் அல்லவா நாம்?

ஒரு சிறு கணக்கு. பழைய மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. முழுவீச்சில் ஓடும்போது மணிக்கு ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். அதாவது ஏ.சி.யின் ஒரு மணி நேரம் விசிறியின் இருபது மணி நேரம். ஏ.சி. ஹராம் என்று நாம் சொல்லவில்லை; அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. நோயாளிக்கும், கைக்குழந்தைக்கும், வியர்வை சரியாகச் சுரக்காத முதியவருக்கும் சில இரவுகளில் அது உயிர் காக்கும். நாம் சொல்வது வரிசையைப் பற்றி. கூரையைக் கொதிக்க விட்டுவிட்டு அதன்கீழ் ஏ.சி. போடுகிறவர், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர். அவர் ஊற்றுவதில் பாதி கூரையின் தவற்றை ஈடுகட்டவே போகிறது. அந்தப் பாதி இஸ்ராஃபா இல்லையா என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சரி, கூரையை என்ன செய்வது? முதல் வழி நம் காலடியிலேயே கிடக்கிறது.

உம்ரா, ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். நண்பகல் வெயிலில் கஃபாவைச் சுற்றித் தவாஃப் செய்யும்போது வெறுங்காலுக்குக் கீழே அந்த வெள்ளைப் பளிங்கு சுடுவதில்லை. அடியில் குளிர்ந்த நீர்க்குழாய் ஓடுகிறது என்று சிலர் கதை கட்டுவதுண்டு. குழாய் ஒன்றும் இல்லை. அது கிரேக்க நாட்டின் தாசோஸ் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட பளிங்கு. வெயிலின் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது. வாங்கிக்கொள்ளாததால் சூடேறுவதில்லை. அவ்வளவுதான் ரகசியம்.

அந்தப் பளிங்குக்கு உறவுக்காரர் அரியலூரில் இருக்கிறார். இந்தப் பூமி ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் கிளிஞ்சல்களும் படிந்து இறுகியதே இன்று நம் லாரிகள் சுமந்து செல்லும் சுண்ணாம்புக்கல். 1979இல் அரியலூரில் அரசு சிமெண்டு ஆலை வந்தது. பிறகு தனியார் ஆலைகள் பல வந்தன. அக்கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்தில் சுட்டுச் சிமெண்டாக்கி, அதில் கான்கிரீட் கூரை போட்டு, அந்தக் கூரை கொதிக்கிறதென்று ஏ.சி. மாட்டுகிறோம். அதே கல்லைச் சூளையில் சுட்டு நீற்றினால் கிடைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பை அந்தக் கூரையின்மேல் பூசினால் பாதித் துன்பம் தீரும் என்பதை மறந்துவிட்டோம். அரியலூர்க்காரரே சுண்ணாம்பை மறந்துவிட்டார் என்றால், திருநெல்வேலிக்கே அல்வா என்கிற பழமொழியை எப்படித் திருப்பிப் போடுவது என்று தெரியவில்லை.

கறுத்துப்போன கூரை கடும் வெயிலில் 65 டிகிரி வரை சூடேறலாம். வெயிலைத் திருப்பும் வெள்ளைக் கூரை அதே வெயிலில் அதைவிட 28 டிகிரி வரை குறைவாக இருக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்லியிருக்கிறது. அது கூரையின் மேற்பரப்புச் சூடு. அறைக்குள் அத்தனை டிகிரி குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அறைக்குள் சில டிகிரி குறையும். அந்தச் சில டிகிரிதான் தூக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் நடுவே நிற்கிறது. ஏ.சி. உள்ள வீட்டிலும், வைக்கும் அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது இந்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. கூரை குளிர்ந்தால் உயர்த்துவது எளிது.

இரண்டாவது வழி, தகரமும் சிமெண்டு அட்டையும் போட்ட கூரைக்கும், ஓட்டு வீட்டு மச்சுக்கும் ஏற்றது. நோன்புக் கஞ்சியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைக்கிறோமே, அந்தக் கண்ணாடிக் குடுவை உள்ளே வெள்ளி போல் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். கஞ்சியின் சூடு ஒளியைப் போலக் கதிராக வெளியே போய்விடாமல் அந்தப் பளபளப்பு தடுக்கிறது. கூரைக்கும் அதே வித்தை. சூடேறிய தகரம் தன் அனலைக் கீழ்நோக்கிக் கதிராகக் கொட்டுகிறது. இடையில் பளபளக்கும் அலுமினியத் தாள் ஒன்றை இழுத்துக் கட்டினால், மேலிருந்து வரும் அனலில் நூற்றுக்கு 95 பங்கு போலத் திரும்பிப்போகிறது. பளபளப்பான பக்கம் கீழே பார்த்து இருந்தாலும் பயன் உண்டு. அந்தப் பரப்பு தானும் அனலை மிகக் குறைவாகவே வெளியிடும். கீழே பார்த்திருந்தால் தூசியும் படியாது. தூசி படிந்த தாளின் பலன் குறைந்துவிடும்.

இதில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. தாளைத் தகரத்தோடோ கான்கிரீட்டோடோ பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய பக்கத்தில் அது வெறும் அலுமினியம்; சூட்டை அப்படியே கடத்தும். தாளின் பளபளப்புக்கு எதிரே குறைந்தது ஓர் அங்குலம் காற்றிடை வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லுவதில்லை. கூரை மட்டும் அல்ல, சுவரும் சன்னலும் வெப்பத்தைக் கொண்டுவருகின்றன என்பதால், மச்சில் இத்தாள் கட்டினால் குளிர்விக்கும் செலவு பாதியாகிவிடும் என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. வெயில் மிகுந்த இடங்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துவரை குறையும் என்பதே அமெரிக்கக் கணக்கு. அதுவும் அவர்களுடைய வீடுகளில். ஏ.சி.யே இல்லாத தகரக் கொட்டகையில் மிஞ்சுவது பணம் அன்று, உடம்பின் நிம்மதி.

நல்ல காரியத்தையும் அவசரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா ஓர் உதாரணம். 2009ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு வீடுகளின் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்புப் போட மானியம் அள்ளிக்கொடுத்தது. பயிற்சியில்லாத இளைஞர்கள் மச்சுகளுக்குள் ஏறினார்கள். நான்கு பேர் இறந்துபோனார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் மச்சின் வெப்பத்தால். அலுமினியத் தாள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை நினைவில் வையுங்கள். மின்கம்பி ஓடும் இடத்தில் கட்டுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் அட்டையைத் துளையிடாதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. அட்டையைத் தாங்கும் குழாயிலோ சட்டத்திலோ கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். வேலைக்காரரை நண்பகலில் மாடிக்கு ஏற்றாதீர்கள். நம் வீடு குளிர வேண்டும் என்பதற்காக ஒரு கூலித் தொழிலாளி வெயிலில் மயங்கி விழுவதும் நம் கணக்கில்தான் எழுதப்படும்.

சுண்ணாம்பு மழையில் கரைந்துவிடுமே என்பார்கள். கரையும். நல்ல நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து, பாசியைச் சுரண்டிக் கழுவிய தளத்தில் இரண்டு பூச்சு பூசினால் ஒரு கோடைக்கு நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அழுக்கேறும். மாசியில் மறுபடி பூச வேண்டியதுதான். ரமலானுக்கு முன் வீட்டைக் கழுவி வெள்ளையடிப்பது நமக்குப் புதிதா? ஆண்டுதோறும் முடியாதவர்கள் இதற்கென்று விற்கும் வெள்ளைப் பூச்சையோ வெள்ளை ஓட்டையோ நாடலாம், செலவு கூடும். இன்னொன்று: பக்கத்து வீடு நம்மைவிட உயரமாக இருந்தால் வெள்ளைத் தளத்தின் கூச்சம் அவர்கள் கண்ணில் அடிக்கும். பூசுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அனலைத் தள்ளிவிடக் கூடாது என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு ஒளியைத் தள்ளிவிடக் கூடாதல்லவா?

இதையெல்லாம் வசதியுள்ளவர்களின் சிக்கன ஆலோசனை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் ஷஹீதானதாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதிச் சீட்டு இல்லாமல், தங்கக் கூடாரமும் ஏறப் பேருந்தும் இன்றி நடந்தே போனவர்கள். வெயில் எல்லோர்மீதும் ஒன்றுபோல்தான் விழுந்தது. நிழல்தான் ஒன்றுபோல் இல்லை. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத் நகரில் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகு, 2013இல்தான் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் திட்டம் வகுத்தது. குடிசைப் பகுதிகளில் தகரக் கூரைக்கு வெள்ளையடிப்பதும் பின்னர் அதில் சேர்ந்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளத்தைப் போல வெயிலும் இப்போது பேரிடர்.

புயலென்றால் ஜமாஅத் சார்பில் சோறாக்கி அனுப்புகிறோம். வெயிலுக்கு நீர்மோர்ப் பந்தல் வைக்கிறோம், நல்லதுதான். ஆனால் நம் மஹல்லாவில் தகரக் கொட்டகைக்கடியில் பகலெல்லாம் தையல் மிஷின் மிதிக்கும் விதவைப் பெண் யார், சிமெண்டு அட்டைக்கடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர் யார் என்று ஒரு பட்டியல் எந்த ஊர் ஜமாஅத்திடமாவது இருக்கிறதா? ஒரு கூரைக்கு வேண்டியது சில கிலோ சுண்ணாம்பு, ஒரு சுருள் தாள், இரண்டு இளைஞர்களின் ஒரு காலைப்பொழுது. ஜகாத் பணத்தை இதற்குச் செலவிடலாமா, எந்த நிபந்தனையில் என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சதக்காவுக்கு யாரைக் கேட்க வேண்டும்?

அந்த ஊருக்கு மறுபடியும் போனோம். முந்திய கூட்டத்தில் கை தூக்கியது தவறு என்று ஹஜ்ரத்திடமும் முத்தவல்லியிடமும் ஒப்புக்கொண்டோம். முத்தவல்லிக்கு முதலில் வருத்தம். பிள்ளைகள் பணம் அனுப்பிவிட்டார்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றார். ஹஜ்ரத்தே வெளிநாட்டுக்குப் பேசினார். அனுப்பிய நிய்யத்தை மாற்ற நமக்கு உரிமையில்லை, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர், தம் பணம் ஏ.சி.க்குத்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் பணம் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது.

ஸுப்ஹுக்குப் பிறகு பத்துப் பதினைந்து இளைஞர்கள் மாடியைக் கழுவினார்கள். அதே கொத்தனார் சுண்ணாம்பு கலக்கினார். நீற்றும்போது கண்ணில் தெறிக்காமல் தள்ளி நில்லுங்கள் என்று பையன்களை அதட்டிக்கொண்டே இருந்தார். மோதினார் அறையின் அட்டைக்கு மேலே வெள்ளை பூசி, கீழே தாளைத் தொங்கவிட்டார்கள். உள்பள்ளியில் ஜும்ஆ அன்று இன்னும் வியர்க்கத்தான் செய்கிறது. கூட்டம் நெருக்கி உட்காரும்போது மனித உடம்பே வெப்பம். மேலே உள்ள அடைபட்ட துவாரங்களைத் திறந்தார்கள், விசிறிகளை மாற்றினார்கள். இரண்டு ஏ.சி.யாவது வேண்டும் என்கிற கட்சி இன்னும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள். வெளிப்பெட்டியை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று மட்டும் ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார்.

நாம் போனபோது லுஹர் முடிந்து முக்கால் மணி ஆகியிருந்தது. மோதினாரைப் பார்க்க வேண்டும் என்று மாடிக்கு ஏறினோம், இம்முறை செருப்போடு. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. வாளியும் கோணிச் சாக்கும் மூலையில் காய்ந்து கிடந்தன. எட்டிப் பார்த்தோம். தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் இறங்கி வந்துவிட்டோம்.